நடுவுல குத்தும்

ஏரியூர்
18.6.2025

பூவிழிக்கு,

அக்கா எழுதறது. நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நீ நல்லாத்தான் இருப்ப.

செல்போன் கடையில குடுத்து உன் நம்பரை பிளாக் பண்ணிக்கிட்டது நான்தான். போன்ல பேசுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். நீ மொதல்ல விளக்கம் சொல்லுவ, நடுவுல அழுதுடுவ, கடைசியில நான் உன்னையச் சமாதானம் பண்ணிட்டு போனை வெப்பேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தான் நடக்குது. இந்தத் தடவை நான் சொல்றத முழுசா கேளு. கடுதாசின்னா குறுக்க பேச முடியாதில்ல.

ஞாயித்துக்கெழமை தர்ஷினியைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நீ கொண்டு வந்த சம்பந்தந்தான். தொப்பூர் கணவாயில ஓட்டல் வெச்சிருக்கிற காளியப்பன், அவரு சம்சாரம் சென்னம்மாள், மாப்பிள்ளை இளம்பரிதி, மாப்பிள்ளையோட அக்கா ஜெயபிரியா, அவ பொண்ணு ஒரு பொடுசு. காலேஜ்ல லீவு இல்லன்னு நீ வரல. ஞாயித்துக்கெழமை எந்த காலேஜு நடக்குதுன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்.

வூட்டை எப்படி வெச்சிருந்தேன் தெரியுமா? நீ அனுப்பின பிரிட்ஜு, நீ அனுப்பின பீரோ, நீ அனுப்பின சோபா. இவரு ஸ்கூல் யூனிபார்ம் தையலையெல்லாம் ஓரங்கட்டிட்டு, சோபாவுக்கு அரக்குக் கலருல உறை தெச்சுப் போட்டாரு. நடுவுல ஸ்பிரிங் ஒடஞ்சு குத்துதுன்னு சொன்னாரு. ஒரு போர்வையை மடிச்சு உள்ள வெச்சேன். பாத்தா புதுசு மாதிரிதான் இருந்துச்சு.

வந்தவங்கள்ல காளியப்பன் அந்த ஓரத்துல உக்காந்தாரு. உக்கார்றதுக்கு முன்னாடி கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் உக்காந்தாரு. சென்னம்மா இந்த ஓரம். நடுவுல யாரும் உக்காரல. மாப்பிள்ளை பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டாரு. ஜெயபிரியா நின்னுக்கிட்டே இருந்தா. இவரு, நடுவுல உக்காரும்மா, எடம் இருக்குதேன்னாரு. பரவால்லீங்கன்னா. மறுக்காவும் சொன்னாரு. அப்ப அந்தப் பொடுசு சொல்லுச்சு, "அங்க உக்காரக் கூடாது. நடுவுல குத்தும்."

எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன். அதுக்குள்ள அது கைப்பிடிக்கிட்ட போயி உறையைத் தூக்கி, மரத்துல ஒட்டியிருந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைத் தொட்டு, இது நான் ஒட்டுனதுன்னுச்சு. சென்னம்மா அது கையிலயே ஒரு அடி வெச்சாங்க. புள்ள ஓன்னு அழுதுச்சு. ஆறிப்போன காபியைக் குடிச்சிட்டு, போன் பண்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னைக்கு வரைக்கும் போன் இல்ல. ஆடி பொறந்துட்டா எந்தப் பேச்சும் எடுக்க முடியாது.

தர்ஷினிக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குது. வாயால சொல்லல. ஆனா தெரியுது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சம்பந்தத்தைக் கொண்டாந்ததும் நீ, சோபாவை அனுப்பினதும் நீ. அது அவங்க வூட்டு சோபான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? கதை சொல்லாத. தெரியும், தெரியாது, ரெண்டுல ஒண்ணு எழுது.

எழிலரசி


தர்மபுரி
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

லெட்டர் வந்துச்சு. போஸ்ட்மேன் என் கையில குடுத்துட்டு, மேடம் உங்களுக்குக் கூட லெட்டர் எழுத ஆள் இருக்குதான்னு கேட்டாரு. பிளாக் பண்ணிட்டியேன்னு தினமும் காலேஜ் ஆபீஸ்ல உக்காந்து உன் நம்பரையே பாத்துட்டிருக்கேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. நான் நடத்தற 'எடுத்துக்கோங்க தர்மபுரி' பேஸ்புக் குரூப்புல இப்ப எத்தனை பேர் இருக்காங்கன்னு உனக்கே தெரியும். வேணாம்னு சும்மா குடுக்கற பொருள் எவ்ளோ வருது, போகுது. கட்டில், மிக்ஸி, குழந்தை சைக்கிள், கல்யாண வீட்டுல மிஞ்சின பாத்திரம். எடுத்துட்டுப் போக ஆள் வர்ற வரைக்கும் எங்க வீட்டுப் பின்னாடி ஷெட்லதான் கெடக்குது. எது யாரோடதுன்னு ஒவ்வொண்ணையும் மனசுல வெச்சிருக்க முடியுமா? நீ போன் பண்ணி, அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றாங்க, உக்கார்றதுக்கு வீட்ல பிளாஸ்டிக் சேர்தான் இருக்குதுன்னு சொன்ன. அப்ப ஷெட்ல இருந்தது அந்த சோபா ஒண்ணுதான். டெம்போ சொல்லி அனுப்பினேன். உதவி செஞ்சதுக்கு எனக்கு இந்தப் பேரு.

பழைய சோபாவுக்காக ஒரு நல்ல குடும்பம் எழுந்து போயிடுமா அக்கா? எனக்கு நம்பிக்கை இல்ல. அவங்களே குடுத்தவங்கதானே, அடுத்தவங்க வாங்கினா தப்பா நெனைப்பாங்களா? வேற என்னமோ நடந்திருக்குது. முந்தாநேத்து தர்ஷினி எனக்குப் போன் பண்ணா. "சித்தி, அம்மா சேலம்னு மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" அப்படின்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

என்ன சேலம்? நீ என்ன சொன்ன? லெட்டர்ல அதை ஏன் எழுதல?

நான் வேணும்னா சென்னம்மா அக்காகிட்ட பேசிப் பாக்கறேன். நீ கவலைப்படாத. மாமாவைக் கேட்டதா சொல்லு. பிளாக்கை எடு.

உன் தங்கச்சி
பூவிழி


ஏரியூர்
27.6.2025

பூவிழிக்கு,

தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். ஷெட்டு, டெம்போ, போஸ்ட்மேன் எல்லாம் எழுதியிருக்கிற. அது மட்டும் இல்ல.

சேலத்தைக் கேட்டிருக்கிற. சொல்றேன். வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது.

அந்தப் பொடுசு பேசறதுக்கு முன்னாடி நடந்தது இது. சென்னம்மா சும்மாதான் கேட்டாங்க, சோபா நல்லா இருக்குதுங்க, எங்க எடுத்தீங்கன்னு. உறை மாத்தியிருக்கவே அவங்களுக்கே சந்தேகம் போல. தெரிஞ்சவங்க குடுத்தாங்கன்னு சொல்லியிருக்கலாம். என் தங்கச்சி குடுத்தான்னு சொல்லியிருக்கலாம். என் வாய்ல சேலம்னு வந்துடுச்சு. அத்தோட நிறுத்தினேனா? போன தீபாவளிக்கு ஆர்டர் குடுத்துப் பண்ணதுன்னேன். தேக்குன்னேன். இவரு நடுவுல உக்காந்து பாத்துட்டுத்தான் எடுத்தாருன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நெசம் மாதிரி இருந்துச்சு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. காளியப்பன் தலையை ஆட்டி, ஆமாங்க நல்ல மரம்னாரு. தர்ஷினி காபித் தட்டோட வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தா. அவளுக்கு அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியும். டெம்போவுல இருந்து ஒரு பக்கம் புடிச்சு எறக்குனவளே அவதான்.

அதுக்கப்புறந்தான் புள்ள, குத்தும்னு சொன்னது.

பழசுன்னு தெரிஞ்சதுல எனக்கு வெக்கம் இல்ல பூவிழி. நாம பழசுலயே பொறந்து வளந்தவங்க. அவங்க பொருளை அவங்க முன்னாடியே என்னோடதுன்னு, அதுவும் தேக்கு, ஆர்டர்னு அளந்து வுட்டேன் பாரு, அதை நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்குது. கடைவீதிக்குப் போறதில்ல. தொப்பூர் பக்கம் இருந்து யாராச்சும் வந்திருப்பாங்களோன்னு பஸ் ஸ்டாண்டைச் சுத்திக்கிட்டு போறேன். என்னைய யாருக்கும் தெரியாது, ஆனாலும்.

தர்ஷினி என்கிட்ட பேசறதில்ல. பென்னாகரம் ஸ்கூலுக்குப் போறா, வர்றா, சாப்பாட்டைப் போட்டுத் திங்கறா, தட்டைக் கழுவி வெக்கறா. திட்டினாக்கூட பரவால்ல. புள்ளைங்களுக்கு பொய் சொல்லக் கூடாதுன்னு பாடம் நடத்திட்டு வர்ற டீச்சரு அவ. வூட்டுக்கு வந்தா நான் இருக்கறேன்.

சோபாவைச் செவத்தைப் பாத்துத் திருப்பிப் போட்டிருக்கறேன். அதுல யாரும் உக்கார்றதில்ல.

இன்னொண்ணும் கேக்கணும். இது ரொம்ப நாளா தொண்டையில நிக்குது. எங்க வூட்டுல இருக்கற பிரிட்ஜு யாரோ ஒரு இன்ஜினியர் வூட்டுது. பீரோ யாரோ ஒரு டீச்சர் வூட்டுது. குக்கர் எங்கிருந்து வந்ததுன்னே தெரியாது. ஊர்ல இருக்கறவங்க வூட்டுப் பொருளெல்லாம் குரூப்ல போடறதுக்கு முன்னாடியே எனக்குன்னு ஒதுக்கி அனுப்பின. உன் வூட்டுல இருந்து ஒரு டம்ளரு வந்திருக்குதா? பழைய மிக்ஸி நல்லா ஓடிட்டிருந்ததைக் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கினியே. அப்ப நான் அம்மியில அரைச்சுட்டிருந்தேன். உனக்குத் தெரியும். ஏன்னு கேட்டுப் பாத்ததில்ல. இப்ப கேக்கறேன்.

எழிலரசி


தர்மபுரி
3.7.2025

அக்கா,

செவ்வாய்க்கெழமை அரை நாள் லீவு போட்டுட்டு தொப்பூருக்குப் போனேன். கணவாயில லாரி கவுந்து வண்டியெல்லாம் நின்னு போச்சு. பஸ்ல உக்காந்தபடியே, சென்னம்மா அக்காகிட்ட என்ன பேசறதுன்னு ஒவ்வொரு வார்த்தையா சொல்லிப் பாத்துக்கிட்டேன். ஓட்டலுக்குள்ள நுழைஞ்சதும் எல்லாம் மறந்து போச்சு.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி உன் கேள்விக்குப் பதில். தெரியும்.

தெரிஞ்சுதான் அனுப்பினேன். பையனுக்குக் கல்யாணம் பண்ணப் போறோம், வீட்டுக்குப் புது சோபா போடறோம், பழசை எடுத்துக்கோங்கன்னுதான் அவங்க குரூப்புக்கே வந்தாங்க. அந்தப் பேச்சுலதான் எங்க அக்கா பொண்ணு இருக்கான்னு நான் தர்ஷினி போட்டோவைக் காட்டினேன். சம்பந்தமும் சோபாவும் ஒரே நாள்ல என் வீட்டுக்கு வந்தது. நீ அவசரமா கேட்டப்ப வேற சோபா இல்ல. மாமா உறை தெச்சுடுவாரு, யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன். உன்கிட்ட சொன்னா வேணாம்னு சொல்லுவ. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சுடுவ. எங்க அக்கா வீடு அப்படி இருக்கறதை அவங்க பாக்கறது எனக்குப் புடிக்கல. உனக்காகன்னு இவ்ளோ நாள் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். எனக்காகத்தான். அன்னிக்கு காலேஜ் லீவு இல்லன்னு சொன்னதும் பொய். அந்த சோபாவுல அவங்க உக்கார்றதை நேர்ல பாக்க எனக்கு தைரியம் இல்ல. நீ ஒரு பொய் சொன்ன, நான் ரெண்டு சொல்லியிருக்கேன்.

சென்னம்மா அக்கா என்னைப் பாத்ததும் எழுந்து வந்து, இலையைப் போட்டு, நானே எதிர்பாக்காத மாதிரி பரிமாறினாங்க. எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். தெரிஞ்சே அனுப்பினதையும் சொன்னேன். அவங்க கோவப்படல. கோவப்பட்டிருந்தா சாப்பிட்டுட்டு வந்திருப்பேன். இலையை அப்படியே மூடிட்டேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்.

"குத்துற சோபான்னு சொல்லாம குடுத்தது நாங்க. அதுக்கே எனக்கு வெக்கமா இருக்குது. ஆனா உங்க அக்கா பொண்ணை நான் எடுக்க மாட்டேன் கண்ணு. நாளைக்கு மாமியா மருமவளுக்குள்ள ஒரு சண்டைன்னு வந்தா, எங்க பழைய சோபாவுல உக்காந்தவங்கதானேன்னு என் வாயில வந்துடும். என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கு அது வேணாம்."

காளியப்பன் அண்ணன் கல்லாவுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தாரு. நான் கெளம்பறப்ப அவரு ஒண்ணு சொன்னாரு. கைப்பிடியில கை வெச்சதுமே அவருக்குத் தெரிஞ்சு போச்சாம். அந்தம்மா தேக்குன்னு சொன்னப்ப நானும் ஆமாங்க நல்ல மரம்னு தலையாட்டினேனே, அது வேங்கைன்னு எனக்குத் தெரியாதா, இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வூட்டுக்குப் போறதுன்னு கேட்டாரு.

மிக்ஸியைக் கேட்டிருந்த. அதுக்கும் நான் ஒரு விளக்கம் எழுதி, கிழிச்சுப் போட்டேன். உண்மை இதுதான். யாரோ குடுத்த பிரிட்ஜு உன் வீட்ல இருந்தா, நான் வந்து தண்ணி எடுத்துக் குடிப்பேன். நான் குடுத்த மிக்ஸி இருந்தா, உன் வீட்டுக்கு வந்து சட்னி திங்க என்னால முடியாது. நான் குடுக்கறவ, நீ வாங்கறவன்னு ஆயிடும். அதைப் பாக்க எனக்குக் கூச்சம். அதனால அடுத்தவங்க பொருளையா பாத்து அனுப்பினேன். நீ அம்மியில அரைச்சது எனக்குத் தெரியும் அக்கா.

பூவிழி


ஏரியூர்
7.7.2025

பூவிழிக்கு,

தெரியும்னு ஒரு வார்த்தை எழுதினியே, அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் தர்ஷினிகிட்ட உன் கடுதாசியைக் குடுத்தேன். எங்கிட்ட பேசாதவ அதைப் படிச்சுட்டு எதுக்கால வந்து உக்காந்தா. என்ன பண்ணப் போறம்மான்னு கேட்டா. அவ கொரலு கேட்டே பல நாளாச்சு.

உங்க குரூப்புல பொருளை எடுத்தவங்க, அது வூட்டுல இருக்கற மாதிரி போட்டோ புடிச்சு, குடுத்தவங்க பேரைப் போட்டு நன்றி சொல்லணும்னு ஒரு வழக்கம் இருக்குதாமே. தர்ஷினி சொன்னா. இத்தினி பொருள் வாங்கியும் நான் ஒண்ணுக்குக்கூட போட்டதில்ல. போடாத மாதிரிதான் நீ எனக்குக் குடுத்த.

சோபாவைச் செவத்துல இருந்து திருப்பி, உறையைக் கழட்டிட்டேன். நான் பக்கத்துல நின்னுக்கிட்டேன். தர்ஷினி போட்டோ புடிச்சா. நான் சொல்லச் சொல்ல அவ டைப் பண்ணா. இதுதான்:

"என் பேரு எழிலரசி, ஏரியூர். இந்த சோபாவைக் குடுத்தவங்க தொப்பூர் சென்னம்மாள். அவங்களுக்கு நன்றி. இதை சேலத்துல ஆர்டர் குடுத்துப் பண்ணதா நான் சொன்னேன். அது பொய். இந்த குரூப்போட அட்மின் என் தங்கச்சி. எல்லாருக்கும் காட்டறதுக்கு முன்னாடியே எனக்குன்னு எடுத்து வெச்சா. நானும் வாங்கிக்கிட்டேன். இதை விட அவசியமானவங்க யாராச்சும் இருந்திருப்பாங்க. மன்னிச்சுக்குங்க."

கல்யாணப் பேச்சைப் பத்தி ஒண்ணும் எழுதல. அதுக்காக இதைப் போடல. சென்னம்மா சொன்னது நியாயந்தான்.

இதை அனுப்புனா உடனே வராதாம், அட்மின் பாத்து விட்டாத்தான் எல்லாருக்கும் தெரியுமாம். அட்மின் நீதான். நாளான்னிக்கு அனுப்பறேன். அதுக்குள்ள இந்தக் கடுதாசி உனக்கு வந்துடும். விடறதும் விடாததும் உன் இஷ்டம். விடலன்னா நான் கேக்க மாட்டேன்.

எழிலரசி


தர்மபுரி
10.7.2025

அக்கா,

விட்டுட்டேன்.

நேத்து சாயந்தரம் ஆபீஸ்ல உக்காந்து, அந்தப் பட்டனை அழுத்தறதும் கையை எடுக்கறதுமா இருந்தேன். பக்கத்து சீட்டு சுசித்ரா, என்ன மேடம் உடம்பு சரியில்லையான்னு கேட்டா. அவகிட்ட காட்டினேன். அவ படிச்சுட்டு தண்ணி பாட்டிலை என் பக்கம் நகத்தி வெச்சா.

நல்லா திட்டியிருக்காங்க. இதுக்குத்தான் நாங்க கேட்ட கட்டில் எங்களுக்குக் கெடைக்கலியான்னு பாலக்கோட்டுல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. கைக்குழந்தையை வெச்சுட்டு தரையில படுத்திருந்தாங்களாம். ஆமாங்க, தப்புத்தான்னு எழுதினேன். இனிமே ஷெட்டுக்கு வர்ற பொருளை சுசித்ராதான் பாத்துப்பா. நான் வண்டியில ஏத்தி எறக்கறதோட சரி.

உன் போட்டோவைப் பாத்தேன். உறை இல்லாம அந்த சோபா ரொம்பப் பழசா இருக்குது. நீ கேமராவை நேரா பாத்துட்டு நிக்கற. என்னால உன் மூஞ்சியைப் பாக்க முடியல, போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

பூவிழி


ஏரியூர்
14.7.2025

பூவிழி,

இதைச் சீக்கிரம் எழுதிடணும்னு உக்காந்தேன். கை ஓட மாட்டேங்குது.

நேத்து ஞாயித்துக்கெழமை. இவரு தையல் மிஷின்ல இருந்தாரு. தர்ஷினி துணி தொவைச்சுட்டிருந்தா. வாசல்ல யாரோ நிக்கறாங்கன்னு பாத்தா காளியப்பன். தனியா, பஸ்ல வந்திருக்காரு. கையில ஒரு மஞ்சப் பை. செவத்தோரமா நின்னுட்டேன்.

அவரு உள்ள வந்து சோபாவைப் பாத்தாரு. உறை இல்லாமத்தான் கெடந்துச்சு. பையில இருந்து ஒரு புது ஸ்பிரிங், ஆணி, குறடு, கொஞ்சம் சாக்கு எல்லாம் எடுத்து வெளிய வெச்சாரு. "இதைக் குடுக்கறப்பவே பண்ணிக் குடுத்திருக்கணும்மா" அப்படின்னாரு. அவ்ளோதான். கீழ உக்காந்து சோபாவைக் கவுத்துப் போட்டாரு. இவரும் மிஷின்ல இருந்து எழுந்து போயி ஒரு பக்கம் புடிச்சாரு. ஆணியைக் குடுங்க, இழுத்துப் புடிங்க, அதான் பேச்சு. ஸ்பிரிங்கை மாட்டினதும் இவரு கோணி ஊசியால அடிச்சாக்கை தெச்சுட்டாரு.

நான் பக்கத்துல போயி, அன்னைக்கு நான் சொன்னதுக்கு மன்னிக்கணுங்கன்னு சொன்னேன். அவரு நிமிரல. நானும் தலையாட்டினேன் இல்லம்மான்னாரு. எனக்கு இன்னும் மூஞ்சி காந்துச்சு. திட்டிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுசன்.

சோபாவை நிமித்திப் போட்டுட்டு, கை கழுவத் தண்ணி கேட்டாரு. கெளம்பறாருன்னு நெனைச்சு சொம்புல மொண்டு குடுத்தேன். கழுவித் தொடைச்சுட்டு வந்தவரு, சோபாவுக்கு நடுவுல உக்காந்தாரு. ஓரத்துல இல்ல, நடுவுல. உக்காந்துட்டு என்ன ஆக்கியிருக்கறீங்கன்னு கேட்டாரு.

பூவிழி, நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சு முடிவாகாம பொண்ணு வூட்டுல யாரும் கை நனைக்க மாட்டாங்க. காபி, தண்ணி, அதோட சரி. நான் புரியாம நின்னேன். இவருதான் மெல்ல, சாப்பிடறேங்கறாருன்னு சொன்னாரு.

வூட்டுல என்ன இருந்துச்சு? களியும் கீரையும். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஒரு கோழி கூட எடுக்கல. கடைக்கு ஓடறேன்னு சொன்னேன். வேணாம்னாரு. தட்டுல களியைப் போட்டு தர்ஷினிதான் கொண்டாந்து குடுத்தா. தொவைச்ச ஈரத்தோட, ஒரு பழைய நைட்டியில. பொண்ணு பாக்க வந்தப்ப பட்டுப்புடவை கட்டி நிக்க வெச்சேன். அவரு தட்டை மடியில வெச்சுக்கிட்டு சாப்பிட்டாரு. இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு.

சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் சொன்னாரு. சென்னம்மா அந்தப் போட்டோவைப் பாத்துட்டு, இந்தம்மாவே ஊரு முழுக்கச் சொல்லிடுச்சு, இனிமே நான் குத்திக்காட்டறதுக்கு என்ன மிச்சம் இருக்குதுன்னு கேட்டாங்களாம். ஆடி முடிஞ்சதும் பூ வெக்க வர்றாங்களாம். தர்ஷினி உள்ள போயிட்டா. அவ அழுதாளா சிரிச்சாளான்னு நான் பாக்கல. நான் அடுப்படியில நின்னு வெறும் பானையைக் கழுவிட்டிருந்தேன்.

சந்தோசந்தான். ஆனா இப்பவும் அந்தக் களித் தட்டை நெனைச்சா கூசுது. தேக்குன்னு சொன்னதை நெனைச்சா அதுக்கு மேல கூசுது. போவாது போல. இருக்கட்டும்.

உன் நம்பரு பிளாக்கை இன்னைக்கு எடுத்து வுட்டுடறேன். அந்தப் பாலக்கோட்டு அம்மாவுக்கு எங்க வூட்டுக் கட்டிலைக் குடுத்துடலாம். நாங்க பாயில படுத்துக்கறோம். டெம்போ சொல்லு.

பூ வெக்கற அன்னைக்கு காலேஜுன்னு சொல்லாம முன்னாடி நாளே வந்துடு. வரும்போது உன் வூட்டுல இருந்து ஏதாச்சும் எடுத்துட்டு வா. கடையில வாங்காத. நீ பொழங்குனதா, பழசா இருக்கட்டும். வாங்கிக்கறேன்.

அக்கா